நீர்ப்பைக்குள் உறங்கும் புழு

நாடாப்புழு என்றதும் குடலில் வாழ்ந்து, மலத்தோடு துண்டு துண்டாக வெளியேறும் வெள்ளைப் புழுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மருத்துவர்களைத் திணறடிப்பதோ அந்த வளர்ந்த புழு அன்று. அதன் முட்டையிலிருந்து வெளிப்பட்டு, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு பயணம் செய்து, கல்லீரல், நுரையீரல், மூளை, கண், இதயம் என எங்கோ ஓரிடத்தில் தங்கி, நீர் நிறைந்த பையாக உருமாறும் இளம்பருவப் புழுவே. பேச்சு வழக்கில் இதையும் நீர்க்கட்டி என்றே சொல்கிறார்கள். பெண்களின் சினைப்பையில் வரும் கட்டிக்கும் அதே பெயர் வழங்குவதால், ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. பெயரைத் தவிர இரண்டுக்கும் தொடர்பில்லை: ஒன்று உடலே உண்டாக்குவது, மற்றொன்றுக்குள் இருப்பது தனி உயிர்.

இந்தியாவில் இத்தகைய கட்டிகளை உண்டாக்கும் நாடாப்புழுக்களில் முக்கியமானவை இரண்டு. அளவில் அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. டீனியா சோலியம் என்னும் பன்றி நாடாப்புழு மனிதக் குடலில் 2 முதல் 4 மீட்டர் வரையும் சில வேளை அதற்கு மேலும் வளர்கிறது. சிஸ்டிசெர்கஸ் எனப்படும் அதன் கட்டியோ பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாமல், ஊறவைத்த ஜவ்வரிசி போலக் கண்ணாடித்தன்மையோடு இருக்கும், அதற்குள் புழுவின் தலை ஒரு வெண்புள்ளியாகத் தெரியும். நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் சில மில்லிமீட்டர் நீளமே உடையது. ஒரே நாயிடம் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் நலமாகவே திரியும். ஹைடாடிட் எனப்படும் அதன் கட்டியோ மனிதக் கல்லீரலில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வீதம் வளர்ந்து, ஒரு தேங்காயின் அளவை எட்டிய பிறகும் நோயாளிக்கு வயிற்றில் லேசான கனத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் இருக்கக்கூடும்.

இந்த இரு நோய்களின் நிலவரைபடத்தில் தமிழக–கேரள எல்லை விசித்திரமான இடம். இடுக்கி மாவட்டத்தின் சக்குபள்ளம் ஏலத்தோட்டங்களால் ஆன மலைப்பகுதி. அங்கிருக்கும் செல்லார்கோவில் மேட்டின் விளிம்பில் நின்றால் கீழே தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். விடியற்காலையில் குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஜீப்புகளில் மலையேறும் தொழிலாளர்கள் மாலையில் அதே வழியில் தேனி மாவட்டத்து ஊர்களுக்கு இறங்குகிறார்கள். தோட்டத்து லயங்களிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் பல. மூளையில் வரும் சிஸ்டிசெர்கஸ் நோய் இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் காணப்பட்டாலும் கேரளத்தில் அதன் அளவு குறைவு என்பது நரம்பியல் மருத்துவர்கள் நெடுநாளாகக் குறித்துவருவது. கழிப்பறைப் பழக்கமும், பன்றிகள் தெருவில் திரியாமல் கொட்டிலில் வளர்க்கப்படுவதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஹைடாடிட் நோயோ ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அதிகம். ஆக, மலைமேட்டில் வசிப்பவருக்கும் பள்ளத்தாக்கிலிருந்து வந்து போகிறவருக்கும் ஒரே வலிப்பு, ஒரே வயிற்றுவலி வந்தாலும், அதன் காரணம் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது. நோயாளி தேனியின் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம், கோட்டயத்துக்கும் போகலாம். எங்கே போனாலும், எந்த ஊரில் வளர்ந்தார், வீட்டில் யாருக்கேனும் புழுத் தொல்லை இருந்ததா, நாய் உண்டா என்ற கேள்விகள் ஸ்கேனுக்குச் சமமான மதிப்புடையவை.

கட்டி ஏன் ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அது திடீரென ஏன் சீறுகிறது என்பது விளங்கும். உயிரோடிருக்கும் புழு, தன்னை அந்நியப் பொருளாக உடல் கண்டுகொள்ளாதபடி நோய் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஹைடாடிட் கட்டிக்கு இதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு: உட்புறம் புழுவை உற்பத்தி செய்யும் மெல்லிய படலம், அதன்மேல் இளநீர் வழுக்கையைப் போல வெண்மையும் வழவழப்பும் கொண்ட அடுக்குப்படலம், எல்லாவற்றுக்கும் வெளியே நோயாளியின் உடலே கட்டி எழுப்பும் நார்ச்சுவர். உள்ளே இருப்பது ஊற்றுநீர் போலத் தெளிந்த திரவம். அதன் அடியில் மணல் போல் படிந்திருப்பவை ஒவ்வொன்றும் புதுப் புழுவாகவோ புதுக் கட்டியாகவோ மாறவல்ல நுண் தலைகள். இந்த ஏற்பாடு குலையும் நாளில்தான், அதாவது ஹைடாடிட் உடையும்போதோ சிஸ்டிசெர்கஸ் சாகும்போதோதான், பெரும்பாலான விபரீதங்கள் நிகழ்கின்றன. உயிருள்ள புழுவைவிட உடைந்த பையும் செத்த புழுவும் ஆபத்தானவை என்பது இந்நோய்களின் முதல் தலைகீழ்.

ஹைடாடிட் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு கல்லீரலிலும் இரண்டு நுரையீரலிலும் அமைகின்றன. எஞ்சியவை உடலின் வேறு எந்த மூலையிலும் முளைக்கலாம். கல்லீரல் கட்டி உடைந்து பித்தக்குழாய்க்குள் திறந்துகொண்டால், அதற்குள் பிறந்த சேய்க்கட்டிகளும் கிழிந்த படலங்களும் குழாயை அடைத்து, மஞ்சள் காமாலையும் குளிர்க்காய்ச்சலும் வரும். பித்தக்கல் என்று நினைத்து எண்டோஸ்கோப் செலுத்துகிற மருத்துவர், கல்லுக்குப் பதிலாக வழுக்கை போன்ற படலத்தை வெளியே இழுப்பார். கட்டி உதரவிதானத்தை அரித்து மார்புக்குள் புகுந்தால் நோயாளி பித்தத்தையே இருமித் துப்ப நேரும். நுரையீரல் கட்டி மூச்சுக்குழாய்க்குள் உடையும்போது வாய் நிறைய உப்புக் கரிக்கும் நீர் திடீரெனப் பொங்கி வரும், அதோடு திராட்சைத் தோல் போன்ற துணுக்குகளும் வரும்; எக்ஸ்ரேயில், மிச்சமிருக்கும் நீரின்மேல் கசங்கிய படலம் அல்லியிலை போல மிதப்பது தெரியும் என்பதால் அதற்கு நீரல்லி அடையாளம் என்றே பெயர். சிறுநீரகக் கட்டி உடைந்தால் அதே திராட்சைத் தோல்கள் சிறுநீரில் வெளியேறுகின்றன.

வயிற்றறைக்குள் உடைவது இன்னும் கொடியது. மரத்திலிருந்து விழுவது, மலைப்பாதையில் ஜீப் குலுங்கி இருக்கைக் கம்பியில் வயிறு மோதுவது, பந்து விளையாடும் சிறுவனின் விலாவில் படும் உதை என ஒரு சாதாரண அடி போதும். கட்டி நீரில் உள்ள புரதங்கள் இரத்தத்தில் கலக்கும்போது உடல் கடுமையாக எதிர்வினை புரிந்து, சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரிந்து, உடலெங்கும் தடித்து, மூச்சு இறுகி, உயிரே போகலாம். அனாஃபிலாக்சிஸ் என்பது இதுதான். அதைத் தப்பிப் பிழைத்தவரின் வயிற்றறையில் சிந்திய நுண் தலைகள் ஒவ்வொன்றும் சில ஆண்டுகளில் தனித்தனிக் கட்டியாகி, ஒரு கட்டிக்காரர் நூறு கட்டிக்காரராகத் திரும்பி வருவார்.

எலும்பில் மட்டும் இந்தப் புழு தன் இயல்பையே மாற்றிக்கொள்கிறது. அங்கே நார்ச்சுவர் உருவாவதில்லை. ஆகவே உருண்டையான பையாக வளர முடியாமல், எலும்பின் துளைகள் வழியே நுண்ணிய குமிழ்களாக வேரோடிப் பரவுகிறது. முதுகெலும்பில் அமர்ந்தால் முதலில் முதுகுவலி, பிறகு கால் மரத்துப்போதல், கடைசியில் இரு கால்களும் செயலிழத்தல் என்ற வரிசையில் நோய் முற்றுகிறது. இந்தியாவில் முதுகெலும்புக் காசநோய் மிகுதி என்பதால் இதுவும் காசநோயாகவே முதலில் கருதப்படுவது வழக்கம். அறுவை செய்தாலும் ஒரு குமிழ் மிஞ்சினால் மீண்டும் வளரும். இதயத்தில் தங்குவது நூறில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். பெரும்பாலும் இடது கீழறைச் சுவரில் தங்கும் அந்தக் கட்டி உள்நோக்கி உடைந்தால், சேய்க்கட்டி ஒன்று இரத்தத்தோடு மூளைக்கு ஓடி இளவயதிலேயே பக்கவாதத்தை உண்டாக்கலாம். இளைஞனுக்கு வந்த பக்கவாதத்தின் வேர் ஒரு நாயின் குடலில் இருக்கலாம் என்று எந்த மருத்துவருக்கும் முதல் நினைப்பில் தோன்றாது.

மூளையில் வரும் ஹைடாடிட் பெரும்பாலும் குழந்தைகளுடையது. எலுமிச்சையளவு, சில வேளை ஆரஞ்சளவு வளர்ந்த பிறகே தலைவலியும் வாந்தியும் தொடங்குகின்றன. கத்தியோ ஊசியோ பட்டால் உடைந்துவிடும் அந்தப் பையை எடுக்க, அர்ஜென்டினாவின் டவுலிங் பெயரால் வழங்கும் முறை ஒன்று உண்டு: மண்டையோட்டைத் திறந்தபின் குழந்தையின் தலையைத் தாழ்த்தி, கட்டிக்கும் மூளைக்கும் இடையில் மெல்லிய குழாய் வழியாக இளஞ்சூடான உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள், நீர் பெருகப் பெருகக் கட்டி தானே மிதந்து, கீழே ஏந்தியிருக்கும் பாத்திரத்தில் முழுதாக வழுக்கி விழும். அறுவை என்பதைவிடப் பிரசவம் என்ற சொல்லே அதற்குப் பொருத்தம்.

சிஸ்டிசெர்கஸின் கதை வேறு பாதையில் செல்கிறது, அதில் தமிழ் மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. இந்தியாவில் இந்நோய் பற்றிய தொடக்ககாலப் பதிவாகக் காட்டப்படுவது, 1888-இல் சென்னையில் வலிப்பால் இறந்த ஒரு கூலித் தொழிலாளியைப் பற்றி ஆம்ஸ்ட்ராங் எழுதியது. பின்னாளில் இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு ஊரில் போய் வலிப்பு வரத் தொடங்கியபோது, படைமருத்துவர் மக்ஆர்தர் 1930-களில் அதன் காரணத்தை அடையாளம் காட்டினார். டிக்சனும் லிப்ஸ்கோம்பும் 450 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1961-இல் வெளியிட்ட அறிக்கை, முட்டையை விழுங்கியதற்கும் முதல் வலிப்புக்கும் இடையில் பல ஆண்டுகள் கழியலாம் என்பதை உறுதிப்படுத்தியது. கட்டி உயிரோடு இருந்த காலமெல்லாம் அமைதி, செத்தபின் வீக்கமும் வலிப்பும் என்ற ஒழுங்குக்கு அந்தச் சிப்பாய்கள் தெளிவான சான்று.

1980-களில் சி.டி. ஸ்கேன் இந்தியாவில் பரவியதும் வலிப்பு நோயாளிகள் பலரின் மூளையில் வளையம் போன்ற ஒற்றைச் சிறு நிழல் தெரியத் தொடங்கியது. அது காசநோய்க் கட்டி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் நிழல் மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் நிறைவடைந்தார்கள். மருந்து கொடுக்காதவர்களிடமும் அந்த நிழல் மறைவதைக் கவனித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவைத் துறையினர், சிலரிடமிருந்து அதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே இருந்தது செத்துக்கொண்டிருக்கும் சிஸ்டிசெர்கஸ். மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் சக மருத்துவர்களும் 1989-இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள். நிழலின் அளவு 20 மில்லிமீட்டருக்குள் இருத்தல், மூளை அழுத்தம் உயராதிருத்தல், நரம்புக் குறைபாடு நாளுக்கு நாள் கூடாதிருத்தல் முதலான எளிய அளவுகோல்களை அவர்கள் வகுத்தபின், தேவையற்ற மண்டையோட்டு அறுவையும் நீண்டகாலக் காசநோய் மருந்தும் ஏராளமானவர்களுக்குத் தவிர்க்கப்பட்டன. வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்களை வீடுவீடாகச் சென்று ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வு, நடப்பில் வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் புழுவே காரணம் என்று கண்டது. காக்காய் வலிப்பு என்று பெயரிட்டு, கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டு அதோடு விட்டுவிடும் வழக்கம் இன்னும் அழியாத ஊர்களில், மூவரில் ஒருவரின் நோய் தடுத்திருக்கக்கூடியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வலிப்பு இந்நோயின் வழக்கமான முகம். வழக்கத்துக்கு மாறான முகங்கள் இடத்தைப் பொறுத்தவை. மூளையின் நான்காம் நீரறையில் மிதக்கும் கட்டி, தலையைச் சட்டென்று திருப்பும்போது நீரோட்ட வாயிலில் தக்கை போல அடைத்துக்கொள்ள, நோயாளி வாந்தியோடு மயங்கி விழுவார். தலையை வேறு பக்கம் சாய்த்தால் தெளிந்துவிடலாம். புரூன்ஸ் குறிகள் எனப்படும் இந்நிலையை மனநோய் என்றோ காதுக் கோளாறு என்றோ தவறாகக் கருத வாய்ப்பு மிகுதி. மூளையின் அடிப்பகுதியில் தலையற்ற பைகள் திராட்சைக் கொத்தாகப் பெருகி, அருகிலுள்ள இரத்தக்குழாய்களை அழற்சியால் சுருக்கி, பக்கவாதத்தை வரவழைப்பதும் உண்டு.

கண் மருத்துவர் காணும் காட்சி முற்றிலும் வேறு. விழியின் கண்ணாடித் திரவத்தில் மிதக்கும் சிஸ்டிசெர்கஸ் மீது பரிசோதனை விளக்கின் ஒளி படும்போது, முத்துப் போன்ற பைக்குள்ளிருந்து வெண்தலை வெளியே நீண்டு, நெளிந்து, மறுபடி உள்ளிழுத்துக்கொள்ளும். மனித உடலுக்குள் ஒரு ஒட்டுண்ணி உயிரோடு அசைவதை வெறும் ஒளியாலேயே பார்க்கக்கூடிய அரிய இடம் கண். அங்கே புழு செத்தால் எழும் அழற்சி பார்வையைப் பறித்துவிடும் என்பதால், மூளைக் கட்டிக்கு அல்பெண்டசோல் என்னும் புழுக்கொல்லி மாத்திரை தொடங்கும் முன் விழியின் பின்சுவரைப் பரிசோதிப்பது கட்டாயம். இதைத் தவிர்த்த சிகிச்சை மூளையைக் காப்பாற்றிக் கண்ணைக் கெடுக்கலாம்.

மிக அரிதாக, உடல் முழுவதும் நூற்றுக்கணக்கில் கட்டிகள் பரவுகின்றன. தொடையும் கெண்டைக்காலும் மல்லனுடையவை போலப் பருத்திருக்கும், ஆனால் வலுவிருக்காது. தோலின் கீழ் நெல்லிக்கொட்டை போன்ற முடிச்சுகள் தட்டுப்படும். நாக்கிலும் இதயத்தசையிலும்கூடக் கட்டிகள் இருக்கும். மும்பையின் நோஷிர் வாடியாவும் சக மருத்துவர்களும் 1988-இல் இந்நிலையை விரிவாக விவரித்து, புழுக்கொல்லி மருந்து கொடுத்தபோது எழுந்த கடும் விளைவுகளையும் பதிவு செய்தார்கள். ஒரே சமயத்தில் எல்லாப் புழுக்களும் செத்தால் மூளை முழுவதும் வீங்கும். எனவே மூளை ஏற்கெனவே வீங்கியிருக்கும் நோயாளிக்குப் புழுக்கொல்லியே தரக்கூடாது, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. பூச்சி மருந்து வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்ற எளிய நம்பிக்கை ஆபத்தாகும் இடம் இது.

இந்நோய்களின் இரண்டாவது தலைகீழ் உணவைப் பற்றியது. கட்டியுள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவருக்கு வருவது மூளைக் கட்டி அன்று, குடலில் வளரும் நாடாப்புழு. ஜெர்மானிய மருத்துவர் கூஷன்மைஸ்டர் 1855-இல் மரணதண்டனைக் கைதி ஒருவருக்குக் கட்டியுள்ள பன்றி இறைச்சியை உண்ணக் கொடுத்து, தண்டனைக்குப் பின் குடலைத் திறந்து புழுக்களை எடுத்துக் காட்டியதால் இது நிறுவப்பட்டது; இன்றைய அறநெறியில் அந்தச் சோதனைக்கு இடமேயில்லை. மூளைக் கட்டி வருவது, அப்படிப் புழு வளர்த்துக்கொண்டிருப்பவரின் மலத்தில் வெளியேறும் முட்டையை, கழுவாத கையோ கழுவாத கீரையோ வழியாக விழுங்குகிறவருக்கு. அவர் வாழ்நாளில் பன்றிக்கறியை முகர்ந்தும் பாராத சைவராக இருக்கலாம். நியூயார்க்கில் பன்றியை அறவே விலக்கும் வைதிக யூதக் குடும்பங்களில் இந்நோய் தோன்றியதை 1992-இல் ஆராய்ந்தபோது, வீட்டுவேலை செய்தவர்களில் புழு இருந்தவரிடமிருந்து முட்டை வந்திருக்கும் என்று தெரியவந்தது. அதனால் பழியைச் சமையல்காரர் மேலோ இடம்பெயர்ந்த தொழிலாளர் மேலோ சுமத்துவது எளிது, தவறும்கூட. புழு உள்ளவருக்கே அது தெரிவதில்லை, ஓரிரு மாத்திரைகளில் தீரும் தொல்லைக்கு அவரும் பலியானவரே. மண்ணை ஒட்டி நீளும் சரங்களிலிருந்து ஏலக்காயைக் குனிந்து பறிக்கும் பெண்ணுக்கு, பகல் முழுதும் கழிப்பறையும் கை கழுவத் தண்ணீரும் இல்லாத தோட்டத்தில், சுத்தத்தைப் பற்றி உபதேசிப்பது பயனற்றது. காய் எப்படியும் ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தின் சூட்டில் உலர்ந்துவிடும்; ஆபத்து அவள் மதியச் சோற்றுக்குத்தான்.

ஹைடாடிட் விஷயத்திலும் இதே விதிதான். நீர்க்கட்டி உள்ள ஆட்டு ஈரலைத் தெரியாமல் தின்றவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையில் கட்டியுள்ள ஈரல் விலைபோகாது என்று அறுத்து எறிய, காத்திருக்கும் நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடுகிறதே, அங்கேதான் சுழற்சி முழுமை பெறுகிறது. சில வாரங்களில் அந்த நாயின் மலத்திலும், அது நக்கிய முடியிலும் முட்டைகள் ஒட்டியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இந்நோயால் பெரிதும் வதைபட்ட ஐஸ்லாந்துக்கு 1863-இல் சென்ற டேனிஷ் விஞ்ஞானி ஹரால்ட் கிராபே, அடுத்த ஆண்டே ஒரு சிறு கையேட்டை எழுத, அது வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. 1869-இல் நாய்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது. நோய் அந்தத் தீவை விட்டே நீங்கியது. பன்றி நாடாப்புழுவுக்கோ இப்போது தடுப்பூசியே உண்டு: மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் லைட்டவுலர்ஸ் குழு உருவாக்கியதை ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனோலாஜிக்கல்ஸ் பன்றிகளுக்கான மருந்தாகத் தயாரிக்கிறது. உலகுக்கு அனுப்பும் நாட்டில் தெருப்பன்றிக்கு அது எட்டுவதில்லை என்பதுதான் வேடிக்கை.

சிகிச்சையும் பழையபடி இல்லை. ஹைடாடிட் கட்டியை அறுக்கும்போது ஒரு சொட்டும் சிந்தாதிருக்கக் கட்டியைச் சுற்றி அடர் உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கி, மயக்க மருத்துவர் அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். சிந்துவதையே தடுக்க, கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு, கட்டிக்குள் நுழையும் குழாயைச் சுற்றி உறிஞ்சும் அமைப்பு ஒன்றை வடிவமைத்தார். சிறுதுளை அறுவையில் பயன்படும் அதற்கு உலக இதழ்களில் பழனிவேலு ஹைடாடிட் சிஸ்டம் என்றே பெயர். சில வகைக் கட்டிகளில் ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் நீரை இழுத்து, புழுவைக் கொல்லும் திரவத்தைச் செலுத்தி, மறுபடி இழுத்துவிடும் முறையும் உண்டு. ஆனால் முதலில் இழுத்த நீரில் பித்தத்தின் மஞ்சள் சாயல் தெரிந்தால் மருத்துவர் நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் கட்டியைக் கொல்லச் செலுத்தியது பித்தக்குழாய்களுக்குள் புகுந்து அவற்றைத் தழும்பாக்கிச் சுருக்கிவிடும். புழு செய்யாத கேட்டை மருந்து செய்த கணக்காகும் அது.

எல்லாக் கட்டிக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையுமில்லை. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில், கல்லீரலில் முட்டையோடு போலச் சுண்ணாம்பேறிய சுவரோடு ஒரு பழைய ஹைடாடிட் தென்பட்டால், அதற்குள் இருந்த புழு எப்போதோ இறந்து, உள்நீர் வற்றிக் கெட்டிப்பட்டுவிட்டது என்று பொருள். கத்தியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். அவ்வப்போது ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். கட்டி இருக்கிறது என்ற செய்தியோடு மலையிறங்கிய தொழிலாளி, அதை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு மறுநாள் ஜீப்பில் காய் எடுக்கத் திரும்பலாம்.